மனசுக்குப் பட்ட சேதிகள்

இன்று காலை ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. என் நாத்தனார் பேத்திக்கு நிக்காஹ். இப்போதெல்லாம் பத்திரிகையைப் பெட்டி மாதிரி செய்கிறார்கள். திறந்தால் அத்தர் வாசனை, உள்ளே வழவழப்பான கெட்டி அட்டை. மாப்பிள்ளை பெயர், மண்டபம் எதையும் நான் படிக்கவில்லை. கை தானாக அட்டையைத் திருப்பியது. பின்பக்கம் வெறும் வெள்ளை. இத்தனை வருஷம் கழித்தும் வெள்ளை அட்டை என்றால் எனக்கு நீயும் உன் கத்தரிக்கோலும்தான்.

நீ போன பிறகு இரண்டு சம்பா அறுவடை முடிந்துவிட்டது. தெருவுக்கே கடிதம் எழுதிக் கொடுத்தவள் நான். உனக்கு மட்டும் எழுத வரவில்லை என்றால் நீ சிரிப்பாய். உன் மேல் கோபம் இருந்தது. அதைவிட அதிகமாகப் பயம் இருந்தது. அந்தப் பயத்தைச் சொல்வதற்கு எனக்கு இருந்த ஒரே ஆளும் நீதான் என்பதால் இப்போது உனக்கே எழுதுகிறேன்.

ஒன்பதாம் வகுப்பில் நாம் இருவரும் கடைசி பெஞ்சு. நீ கீழ்வேளூர்ப் பக்கத்திலிருந்து வந்து பாபநாசத்தில் விடுதியில் தங்கிப் படித்தாய். உன் அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போகிறவர்கள். நான் உள்ளூர், துணிக்கடைக்காரர் மகள். ஒருநாள் கணக்கு வகுப்பின் நடுவில் என்னைத் தலைமையாசிரியை அறைக்கு வரச் சொன்னார்கள். துணைக்கு நீயும் வந்தாய். அங்கே என் அப்பாவின் தம்பி, சின்னத்தா, கையில் ஓட்டல் பொட்டலத்தோடு நின்றுகொண்டிருந்தார். "இதைச் சாப்பிடும்மா, அப்புறம் வீட்டுக்குப் போவோம்" என்றார். பசி இல்லை என்றேன். விடவில்லை. இரண்டாவது வாய் இட்லி உள்ளே போகும்போது நாக்கு கசந்தது. வயிற்றுக்குள் ஏதோ குளிர்ந்து இறங்கியது. "அத்தா மவுத்தாயிட்டாங்க" என்று சொன்னேன். அதுவரை யாரும் எனக்கு எதுவும் சொல்லியிருக்கவில்லை. அத்தா கடையில் சரிந்து விழுந்து அப்போது ஒரு மணி நேரம் கூட ஆகியிருக்காது.

நான் திரும்பப் பள்ளிக்கு வந்தபோது வகுப்பில் பலர் என் பக்கத்தில் உட்காரப் பயந்தார்கள். பேய் பிடித்தவளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். நீ வழக்கம்போல் வந்து உட்கார்ந்து என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து முட்டையை எடுத்துக்கொண்டாய். "உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று எல்லாரும் கேட்டார்கள், நீ கேட்கவில்லை. பிறகு எத்தனையோ வருஷம் கழித்துத்தான் கேட்டாய்.

பத்தாவதோடு என் படிப்பு முடிந்தது. நீ புள்ளியியல் படித்துத் தஞ்சாவூரில் கல்லூரி விரிவுரையாளர் ஆனாய். எனக்கு மாமன் மகனோடு கல்யாணம் ஆகி, மறுவருஷமே அவர் ரியாத்துக்குக் கிளம்பிவிட்டார். பிழைக்க வெளிநாட்டுக்குச் சபர் போகாத ஆண்பிள்ளையை எங்கள் தெருவில் விரல் விட்டு எண்ணலாம். பெண்களெல்லாம் தபால்காரரை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்போம். மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் நாலைந்து பேர் என் வீட்டுக்கு வந்து, சொல்லச் சொல்ல நான் அவர்கள் வீட்டுக்காரர்களுக்கு எழுதுவேன். வெட்கப்பட்டு விழுங்கிய வார்த்தையைக் கூட முகத்தைப் பார்த்தே எழுதிவிடுவேன். "இதை நான் சொல்லவே இல்லையே" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்பு என் கொழுந்தனார் மவுத்தோடு நின்றது. அவரும் சவூதியில்தான் இருந்தார், லாரி ஓட்டிக்கொண்டு. ஒரு காலையில் எனக்கு அதே கசப்பு, அதே குளிர். மாமியிடம், "சின்ன மச்சானுக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று சொல்லிவிட்டேன். சொல்லி முடித்துச் சிறிது நேரத்தில் பள்ளிவாசல் ஜமாஅத்திலிருந்து நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் வந்தார்கள். மாமி அவர்களைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு பெண்கள் இரண்டு விதமாக ஆனார்கள். சிலர், "ரெண்டு மாசமா கடுதாசி இல்லை, உங்க மனசுக்கு என்ன படுது?" என்று கேட்டு வந்தார்கள். மற்றவர்கள் கடிதம் எழுத வேறு பெண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மும்தாஜ் நேராகவே சொன்னாள்: "கோவிச்சுக்காதீங்க அக்கா. எங்க வீட்டுக்காரரு பேரை மட்டும் நீங்க வாயால சொல்லாதீங்க." நான் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது. வரப்போவது எனக்குத் தெரிகிறதா, அல்லது எனக்குத் தோன்றுவதால்தான் வருகிறதா? என் குழந்தையைத் தூங்க வைக்கும்போது அதன் முகத்தை அதிக நேரம் பார்க்கப் பயந்தவள் நான். பார்த்துக்கொண்டிருக்கும்போது ஏதாவது தோன்றிவிட்டால் என்ன செய்வது?

அந்தக் குழந்தை வளர்ந்து, தெருவுக்குக் கேபிள் டிவியும் எஸ்.டி.டி. பூத்தும் வந்த காலத்தில், டிப்ளமா முடித்துவிட்டு நின்றான். என் மகன் நிஜாமுக்கு ரியாத்துக்கு விசா வந்தது. அவன் அத்தா வேலை பார்க்கும் கம்பெனியிலேயே. திடீரென்று எப்படி வந்தது என்று கேட்டதற்கு, "வந்த விசாவை ஏம்மா கேள்வி கேக்குறே" என்றான். டிக்கெட் போட்டாயிற்று. அப்போதுதான் ஒரு பகலில், கூடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு நாக்கு கசந்தது. வயிறு குளிர்ந்தது. எதிரில் நிஜாம் புதுப் பெட்டியின் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். பாஸ்போர்ட்டை எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டு, பாபநாசத்தில் ரயிலேறித் தஞ்சாவூருக்கு வந்து உன் வாசலில் நின்றேன். போகாதே என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடே நடுங்கி அவனை நிறுத்திவிடும். அப்புறம் அவன் வாழ்நாள் முழுக்க அம்மாவின் பயத்தைக் கட்டிக்கொண்டு ஊரிலேயே கிடப்பான். போ என்று சொல்லி அனுப்பினால் பெட்டியில் திரும்பி வருவானோ என்று குலை நடுங்கியது. "எனக்கு இருக்கிறது நிஜமா பொய்யா, நீதான் படிச்சவ, பார்த்துச் சொல்லு" என்றேன்.

நீ ஆறுதல் சொல்லவில்லை. அதுதான் உன் குணம். "பெரிய பெரிய காலேஜ்ல எல்லாம் இதை ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கடி. அட்டையை வச்சு, ஆளை மாத்தி, ரூமை மாத்தி. நம்புறதுக்கும் அவசரப்படாதே, சிரிக்கிறதுக்கும் அவசரப்படாதே. மொதல்ல எண்ணிப் பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே பரணிலிருந்து பழைய கல்யாணப் பத்திரிகைகளை இறக்கினாய். மஞ்சள் தடவிய ஓரங்களை வெட்டி எறிந்தாய். வெள்ளைப் பக்கத்தில் வட்டம், சதுரம், கூட்டல் குறி, அலை, நட்சத்திரம் என்று வரைந்தாய். உன் மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். மின்விசிறி காற்றில் அட்டைகள் பறக்காமலிருக்க அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாய். எனக்கு அந்தப் பயத்திலும் சிரிப்பு வந்தது.

"பயப்படாதே. இது பரீட்சை இல்லை."

"இதுக்குப் பரீட்சையே தேவலாம்."

நீ எதிரில் உட்கார்ந்து ஒவ்வொரு அட்டையாக எடுத்து நீ மட்டும் பார்த்தாய். நான் சொன்னேன். சரியா தப்பா என்று சொல்லாமல் குறித்துக்கொண்டே வந்தாய். கட்டு முடிந்ததும் எண்ணினாய். மறுபடி எண்ணினாய். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாய். பாதிக்கு மேல் சரியாகச் சொல்லியிருந்தேன்.

அந்த நிமிஷம் நான் பட்ட பயம் இருக்கிறதே, அத்தா மவுத்தில் கூட அப்படிப் பட்டதில்லை. நான் உன்னிடம் வந்ததே நீ இதையெல்லாம் ஊதித் தள்ளிவிடுவாய் என்றுதான். நீயே வெளிறிப் போனால் நான் எங்கே போவேன்? "அப்ப நெசந்தானா? அப்ப என் புள்ளை?" என்று உன் கையைப் பிடித்தேன். நீ கையை உதறவில்லை. சன்னலுக்கும் கதவுக்கும் குறுக்கே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாய். "இப்ப நான் அந்தப் பக்கம். பேச மாட்டேன். அட்டையை எடுத்ததும் தரையில தட்டுறேன். நீ சொல்லு."

போர்வைக்கு அந்தப் பக்கமிருந்து டொக்கென்று சத்தம் வரும். நான் சொல்வேன். மறுபடி டொக். முதலில் தைரியமாகச் சொன்னேன், போகப் போக இருட்டில் நடப்பது போல் ஆகிவிட்டது. கட்டைக் கலைத்துக் கலைத்து மறுபடியும் செய்தாய். ஐந்து குறி இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு உளறினாலும் ஐந்துக்கு ஒன்று சரியாக வரும் என்றாய். எனக்கு அவ்வளவுதான் வந்தது. உளறுகிறவளுக்கு வருகிற அளவுதான்.

நீ போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். "நீ அட்டையைப் பாக்கலைடி. என்னைப் பாக்குறே. நட்சத்திரம் வந்தா நான் என்ன பண்றேன்?"

யோசிக்காமல் சொன்னேன். "கீழ் உதட்டைக் கடிப்பே."

"அலை வந்தா?"

"மூச்சை உள்ள இழுப்பே."

சொன்ன பிறகுதான் எனக்கே அது தெரியும் என்பது எனக்குத் தெரிந்தது. நீ தரையில் உட்கார்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கோபம் வந்தது. அட்டை விளையாட்டு வேறு, சாவு வேறு. "எங்க அத்தா முகத்தை நான் பார்த்தேனா? அவரு கடையில இருந்தாரு, நான் கணக்குப் பாடத்துல இருந்தேன். என் வயித்தெரிச்சல் உனக்கு எண்ணிப் பார்க்கிற சாமானாப் போச்சா?" என்று கத்திவிட்டு எழுந்தேன்.

அப்போது நீ சொன்னதுதான் என்னை உட்கார வைத்தது. உன் அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தபோது, குறி சொல்கிறவர் ஒருவர் வந்து, பௌர்ணமி தாண்டினால் பிழைத்துக்கொள்வான், ஆஸ்பத்திரி வேண்டாம் என்று சொன்னாராம். "எனக்குத் தெரியும்னு ஒருத்தர் சொன்னதை நம்பித்தான் எங்க அண்ணனை வீட்டுலயே வச்சிருந்தோம். பௌர்ணமி தாண்டலை" என்றாய். அத்தனை வருஷப் பழக்கத்தில் உனக்கு அண்ணன் இருந்தான் என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "அதனால சும்மா நம்பவும் மாட்டேன், உன்னைச் சும்மா விடவும் மாட்டேன். உக்காரு. அத்தா மவுத்தான அன்னைக்கு நடந்ததை ஒண்ணு விடாம சொல்லு. எப்படித் தெரிஞ்சுதுன்னு இப்ப கேக்குறேன்."

சொன்னேன். கொழுந்தனார் மவுத்தையும் சொன்னேன். யார் வந்தார்கள், எங்கே நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று போலீஸ்காரி மாதிரி துருவினாய். அன்று காலை பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஆப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து, "நேரத்தோட சாப்பிட்டுடுங்க" என்று எங்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பரிமாறியதைச் சொல்லும்போது நீ பேனாவைக் கீழே வைத்தாய்.

"மறுபடி சொல்லு. ரெண்டு தடவையும் உன்னைச் சாப்பிடச் சொல்லியிருக்காங்க."

நம் ஊர்ப் பழக்கம்தானே அது. சாவுச் சேதியை எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள். சொன்ன பிறகு வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தப்பட்டவள் வாயில் ஒரு பருக்கை இறங்காது. அதனால் முதலில் வயிற்றை நிரப்பிவிடுவார்கள். வெளிநாட்டுச் சேதி என்றால் பூத்துக்கு வந்து, அங்கிருந்து ஜமாஅத்துக்குப் போய், தெருவெல்லாம் தெரிந்து, கடைசியில்தான் வீட்டுக்காரிக்கு வரும். இடைப்பட்ட நேரத்தில் யாராவது ஒருத்தி சாப்பாட்டோடு வருவாள். உங்கள் கீழ்வேளூர்ப் பக்கமும் அப்படித்தான் என்றாய். பிரியத்தால் செய்வதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் பரிமாறுகிற கைக்கு மேலே ஒரு முகம் இருக்கிறதே, அது பொய் சொல்லப் பழகாத முகம்.

"உனக்கு வேற கண்ணு எதுவும் இல்லைடி. சாப்பிடுன்னு சொல்றவங்க மூஞ்சியை உனக்குப் படிக்கத் தெரியும். சின்னத்தா மூஞ்சியில உங்க அத்தா மவுத்து எழுதியிருந்துச்சு, படிச்சுட்டே. அவ்வளவுதான்."

எத்தனை வருஷப் பாரம் அது. யாரையும் நான் சாகடிக்கவில்லை. நான் அழுதேன், சிரித்தேன், மூக்கைச் சிந்தினேன். நிஜாம் போகலாம், மகராசனாகப் போகலாம் என்றேன். நீ மட்டும் சிரிக்கவில்லை. அட்டைகளை அடுக்கிக்கொண்டே மெதுவாகக் கேட்டாய்:

"நிஜாம் விஷயத்துல பயம் எப்ப வந்துச்சு?"

"நாத்தனார் வந்துட்டுப் போன அன்னைக்கு."

"எதுக்கு வந்தாங்க?"

"பிரியாணி கொண்டாந்தாங்க. விசேஷம் ஒண்ணும் இல்லை. சுடச்சுடச் சாப்பிடுன்னு எதிர்ல உக்காந்து, தட்டு காலியாகிற வரைக்கும்..."

உன் முகத்தைப் பார்த்தேன். என் முகத்தை நீ பார்த்துக்கொண்டிருந்தாய். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெரியாத ஒன்று எங்கிருந்தோ வந்து நெஞ்சில் தட்டுகிறது என்ற பயம் ஒரு விதம். எல்லாருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் என் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்ற பயம் அதைவிடக் கொடுமை. நாத்தனார் சொல்ல வந்திருக்கிறாள். சாப்பிட வைத்திருக்கிறாள். சொல்லத் தைரியமில்லாமல் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

நீ சேலையைக் கூட மாற்றவில்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அய்யம்பேட்டை தாண்டும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாய். இரண்டு பக்கமும் குறுவை நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் குனிந்து நட்டுக்கொண்டே ஏதோ பேசிச் சிரித்தது சன்னல் வழியாகக் கேட்டது. "யாரா இருக்கும்?" என்று கேட்டேன். "தெரியாததைச் சொல்ல மாட்டேன்" என்றாய். அந்த நேரத்தில் நீ ஒரு பொய் சொல்லியிருக்கலாம் என்று உன்னை மனசுக்குள் திட்டினேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பூத்துக்குப் போனோம். தெருச் சேதியெல்லாம் பூத் வைத்திருந்த இஸ்மாயில் பாய் காதைத் தாண்டித்தான் வர வேண்டும். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாம்மா. வெயில்ல வந்திருக்கே. சாப்பிட்டியா?" என்றார்.

நீ என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாய். அந்தப் பெரிய மனுஷரிடம் உன் குரல் உயரவே இல்லை. "பாய், இவ எதுவும் சாப்பிட மாட்டா. நீங்க மொதல்ல விஷயத்தைச் சொல்லுங்க."

அவர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரரு உசுரோட இருக்காரும்மா. உசுருக்கு ஒண்ணும் இல்லை. சாரத்துலேருந்து விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு. ரியாத்துல ஆஸ்பத்திரியில இருக்காரு." பையன் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லலாம் என்று எல்லாரும் கூடி முடிவு செய்திருந்தார்களாம். முன்பே சொன்னால் நான் பையனை அனுப்ப மாட்டேன், அங்கே அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்காது. அதற்காகவே அவசரமாக வாங்கிய விசா அது.

பூத்திலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் பேசினோம். வார்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் ரிசீவரை அவர் காதில் வைத்தார். "உன்கிட்ட யாரு சொன்னா?" என்று அவர் முனகினார். "மனசுக்குப் பட்டுச்சுங்க" என்றேன். நீ என் தொடையில் கிள்ளினாய். அவ்வளவு அழுகைக்கு நடுவில் அது ஒன்றுதான் எனக்குச் சிரிப்பு.

வீட்டில் நிஜாம் தலையைக் குனிந்து நின்றான். "அத்தாவைப் பாத்துக்கத்தாம்மா போறேன். உன்கிட்ட சொன்னா நீ செத்துடுவேன்னு பயந்தாங்க" என்றான். நான் அரிசி டிரம்மில் முழங்கைவரை விட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து, உதறி, அவன் கையில் கொடுத்தேன். அவன் போனான். அடுத்த வருஷம் அவர் கைத்தடியோடு வந்து இறங்கினார். இன்றைக்கும் காலை இழுத்துக்கொண்டுதான் பள்ளிவாசலுக்குப் போகிறார்.

ஒருமுறை உன்னிடம் கேட்டேன், அப்போ உலகத்தில் அந்த மாதிரி எதுவுமே கிடையாதா என்று. "கிடையாதுன்னு நான் சொல்லலை. உன்கிட்ட இல்லை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றாய். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாக இருபது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். மும்தாஜ் கூட மறுபடி கடிதம் எழுதிக்கொள்ள வந்தாள், செல்போன் வந்து கடிதத்தையே ஒழிக்கும்வரை.

நீ ஓய்வு பெற்று மகளோடு சிட்னிக்குப் போனாய். கீழ்வேளூர் வரப்பில் நடந்தவளுக்கு அங்கே தோட்டத்தில் கங்காரு வருகிறது என்று படம் அனுப்பினாய். வாராவாரம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு ஒருநாள், "இந்த போன்ல கேமரா போச்சுடி, சும்மா பேசுவோம்" என்றாய். கொஞ்ச நாளில், "தொண்டை கட்டியிருக்கு, எழுதி அனுப்புறேன்" என்றாய். எழுத்தில் வழக்கமான கிண்டல், வழக்கமான திட்டு. நானும் திருப்பித் திட்டினேன். எனக்கும் உனக்கும் நடுவில் நீ போர்வையைக் கட்டிவிட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன் மகள் கூப்பிட்டபோது நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். "ஆன்ட்டி, அம்மா போயிட்டாங்க" என்றாள். அவ்வளவுதான் முதல் வாக்கியம். அவகிட்ட நேராச் சொல்லணும், சுத்தி வளைக்கக் கூடாது, கையில தட்டைக் கொடுக்கக் கூடாது என்று நீ சொல்லி வைத்திருந்தாயாம். அதற்கு நான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆனால் மாதக்கணக்காக நோயை மறைத்தாயே, அதை என்ன செய்வது? தெருவைத் திட்டினாய், ஜமாஅத்தைத் திட்டினாய், கடைசியில் நீயும் அதையேதான் செய்தாய். அதுவும் எங்கே ஒளிந்தால் எனக்குத் தெரியாது என்று சரியாகத் தெரிந்துகொண்டு செய்தாய்.

உன் மகள் அஸ்தியோடு ஊருக்கு வந்தாள். காவிரியில் கரைத்துவிட்டு என் வீட்டுக்கு வந்து, உன்னைப் போலவே காலை மடக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "கடைசி மாசத்துல போன் அடிச்சாலே அம்மா கேப்பாங்க, அவளா பாருன்னு. நீங்கதானே ஆன்ட்டிகிட்ட சொல்ல வேண்டாம்னீங்க, அவங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேட்டேன். சொல்லாட்டியும் தெரியுதான்னு பாப்போம்னு சொன்னாங்க. மொதல்ல சிரிச்சுக்கிட்டுதான் சொன்னாங்க, ஆன்ட்டி. கடைசியில சிரிக்கலை. போனையே பாத்துக்கிட்டு இருந்தாங்க."

நீ என்னை எதிர்பார்த்திருக்கிறாய். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்பாத நீ, உன் கணக்கு தப்பாகிவிட வேண்டும் என்று படுக்கையில் கிடந்து ஆசைப்பட்டிருக்கிறாய். அந்த நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். ஒரு கல்யாணத்துக்குப் போனேன். மாவரைத்தேன். மும்தாஜோடு சண்டை போட்டேன். சாப்பாடு ருசித்தது, நன்றாகத் தூங்கினேன். நாக்கு கசக்கவில்லை, வயிறு குளிரவில்லை. நீ சொன்னது சரிதான், என்னிடம் ஒன்றும் இல்லை. அது நிரூபணமாகிவிட்டது. எனக்கு அது வேண்டாமாக இருந்தது.

முன்பு ஒரு சௌகரியம் இருந்தது, அப்போது எனக்கு அது புரியவில்லை. பயம் வராத நாளில் எல்லாரும் நலமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். இப்போது அந்தத் தைரியமும் போய்விட்டது. மனம் அமைதியாக, லேசாக, காரணமில்லாமல் சந்தோஷமாக இருக்கும் நேரத்தில்தான் எனக்குக் குலை நடுங்குகிறது. கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் போய் போனை எடுக்கிறேன். நிஜாம் இப்போது தோஹாவில் இருக்கிறான், அவன் தலையிலும் நரை வந்துவிட்டது. வீடியோவில்தான் பேச வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். போன வாரமும் வேலை நேரத்தில் கூப்பிட்டுவிட்டேன். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, கொஞ்சம் பயந்த முகத்தோடு கேட்டான்.

"என்னம்மா, மனசுக்கு ஏதாவது பட்டுச்சா?"

"ஒண்ணும் படலைடா," என்றேன். "அதனாலதான் கூப்பிட்டேன்."